வள்ளியின் நாலு விரல் கால்

சித்திரபானு வருஷம், சித்திரை 5

மூத்த பேரன் பாலசுப்பிரமணியனுக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பேத்தி வரலட்சுமி பாட்டுப் போட்டியில் வெள்ளித் தட்டு வாங்கினாள். சின்னவன் கங்காதரன் பட்டணத்துக் காலேஜில் பிராணி சாஸ்திரம். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

யுத்தம் நடக்கிறது, குண்டு விழும் என்று பட்டணமே காலியாகிறது. எல்லோரும் பெட்டி படுக்கையோடு வர, கங்காதரன் கண்ணாடித் தொட்டியோடு ரயிலிறங்கினான். உள்ளே இரண்டு ஆக்சலாட்டல். மெக்சிகோ சீமையாம். மீனுமில்லை, பல்லியுமில்லை. கழுத்தில் குஞ்சம், குட்டிக் கால்கள், ஓயாத சிரிப்பு.

"புரொபசரு என்னை நம்பிக் குடுத்துகிறாரு ஆயா. இதுங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் படிப்பு போச்சு."

காலேஜை வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இதுகளுக்கு இடமில்லை. ஆடியில் வந்து எடுத்துப்போவான். தண்ணீர் சில்லென்று இருக்கவேண்டும், தினம் மண்புழு போடவேண்டும்.

சித்திரை 7

பெயர் வைத்தேன். கறுப்பு வள்ளி, வெளுப்பு தெய்வானை. மருமகள் கௌரியம்மாள், "பல்லிக்கு சாமி பேரா அத்தே?" என்றாள். "வேற யாரு பேரு வெக்கச் சொல்ற, உன் பேரா?" என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சித்திரை 10

வெயில் கொளுத்துகிறது. தொட்டியைச் சுற்றி ஈரக் கோணி. பானைத் தண்ணீர் முழுதும் அதுகளுக்குத்தான். "நானும் தொட்டியில எறங்கிக்கினா ஒரு சொம்பு குடுப்பியா?" என்கிறார் வீட்டுக்காரர்.

சித்திரை 13

முருகன் மலையில் திருவிழாக் கொடி ஏறியது. இறங்கும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. புழுவும் கவுச்சிதானே? பண்ணையாள் சிங்காரம் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினேன். வாழைப்பழம் போட்டேன். இரண்டும் தொடவில்லை. விரதம் என்று புரிந்துகொண்டன. நல்ல பிள்ளைகள்!

சித்திரை 19

ஐயோ, வள்ளிக்கு ஒரு முன்கால் இல்லை! தெய்வானை சிரிச்சிக்கினே கீது. பசி தாங்காம கடிச்சிட்டா. பட்டினி போட்டது யாரு? நான்தானே!

கொடி இறங்கக் காத்திருக்கவில்லை. சிங்காரத்தைக் கூப்பிட்டுப் புழு போட்டேன். வள்ளியை வாயகன்ற சட்டிக்கு மாற்றினேன். முருகா, உன் விரதம்னுதானே பட்டினி போட்டேன்? உன் பொண்டாட்டிங்க சண்டையை நீதான் தீர்க்கணும். கால் முளைத்தால் வெள்ளியில் கால் செய்து ஆடிக் கிருத்திகைக்குச் செலுத்துகிறேன்.

வைகாசி 2

கங்காதரன் கார்டு போட்டிருக்கிறான். இரண்டும் சௌக்கியமா என்று கேட்டான். சௌக்கியம் என்று எழுதினேன். காலைப் பற்றி அவன் கேட்கவில்லையே.

வைகாசி 20

கால் போன இடத்தில் ஒரு மொட்டு! கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று கௌரியிடம் சொன்னேன்.

ஆனி 12

விரல் வந்துவிட்டது. நாலு. ஒன்று குறைகிறதோ என்று பதறி மறுபக்கத்து முன்காலைப் பார்த்தேன். அதிலும் நாலுதான். அப்பாடா.

ஆடி 3

ஜெகநாதன் ஆசாரி அஞ்சு விரலோடு வெள்ளிக் கால் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்தேன்.

"நாலு வெரலு காலு யாருக்குமா கீது?"

"எங்க வள்ளிக்கு."

"அடப்பாவமே, கல்யாணம் ஆயிடுச்சா?"

சட்டியைக் காட்டினேன். குனிந்து விரல்களை எண்ணினார். பிறகு வெள்ளிக் காலில் ஒரு விரலை அராவி எடுத்தார்.

ஆடி 21

கிருத்திகை. கங்காதரன் நேற்றே வந்துவிட்டான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அது தானா மொளைக்கும் ஆயா! அதைப் பார்க்கத்தான் புரொபசரே வளக்கறாரு."

"தானா மொளைக்குதா? உங்க புரொபசரு காலை எடுத்துட்டுப் பாரு, மொளைக்குதான்னு."

காவடிக் கூட்டத்தில் இடிபட்டு மலையேறி, உண்டியலில் காலைப் போட்டேன். பேரன் பின்னாலேயே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆடி 23

தொட்டியையும் சட்டியையும் எடுத்துப் போய்விட்டான். தொட்டி வைத்திருந்த முக்காலி வெறிச்சென்று இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பானை நிறையத் தண்ணீர். அவரும் அந்த முக்காலியைத்தான் பார்த்துக்கொண்டு குடிக்கிறார்.

பாலு குமாஸ்தா. வரலட்சுமி வெள்ளித் தட்டு. கங்காதரன் காலேஜ். வள்ளி, போன காலைத் திரும்ப வாங்கியவள். கூடத்துச் சுவரில் மற்ற மூவரும் படமாக இருக்கிறார்கள். கங்காதரனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்: போட்டோ எடுத்துத் தபாலில் போடு. நாலு காலும் தெரியணும். தெய்வானை ஓரமாக நிற்கட்டும்.