ஆட்டு வாடை இல்லாத அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் உன் பக்கம் பால் கறக்கும் மெஷின் ஓடுகிறது. நான் ஒன்று கேட்க, நீ ஒன்று சொல்ல, "அப்புறம் கூப்பிடறேம்பா" என்று முடிந்துபோகிறது. குறையாகச் சொல்லவில்லை. முன்பெல்லாம் நீ கூப்பிடும்போது என் பக்கம் லாரி வந்து நிற்கும், இதே வார்த்தையை நான் சொல்வேன். காகிதத்தில் லாரியும் இல்லை, மெஷினும் இல்லை.

பேரனுக்கு அனுப்பிய கம்பளியை அங்கே சுங்கத்தில் பிடித்து எரித்துவிட்டார்கள் என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியிருந்தது. எனக்கு வருத்தம் இல்லையம்மா. நம் பட்டி ஆட்டு ரோமம், பாதி அலசி பாதி அலசாமல் நெய்தது. மோந்து பார்த்தாலே தெரிந்திருக்கும். அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோமாரி நோய் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆட்டை வாட்டிவிட்டுப் போய்விடும், மாட்டுக்கு வந்தால் பால் வற்றும், கன்று நின்ற இடத்தில் விழும். கன்றுக் கொட்டகையே உன் பொறுப்பு என்னும்போது உன் ஊர்க்காரன் காவல் வைப்பதுதான் நியாயம்.

இங்கேயும் அதே கதைதான். பக்கத்து நாட்டுக்காரன் எல்லையை மூடிவிட்டான். மனிதன் போகலாம், மூட்டை போகலாம், குளம்பு உள்ளது எதுவும் போகக்கூடாது. நம் பக்கத்தில் நோய் வந்துவிட்டதாம். வந்தது உண்மைதான், நம் பட்டியில் இல்லை. ஆனால் அதைப் பட்டி பட்டியாகப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? வியாபாரிகள் எல்லாம் செக்போஸ்டில் நின்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. கத்தினால் ஆட்டுக்கு உடம்பு சரியாகுமா? டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

திரும்பி வந்துதான் தெரிந்தது, எனக்குச் செய்ய வேலை இல்லை. வாழ்நாளில் ஓர் ஆட்டையும் நான் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. வாங்கு, லாரியில் ஏற்று, அடுத்ததைப் பார். இப்போது அதே ஆடுகள் காலையில் என்னைப் பார்க்கின்றன, நான் அவற்றைப் பார்க்கிறேன். பட்டியைக் கவனிக்கும் மீசை சொல்கிறான், "முதலாளி, நீங்க இப்படி உத்துப் பாத்தா அதுங்க வெக்கப்படுது" என்று. அவனுக்கும் பொழுது போகவில்லை.

அதனால் ஒன்று தோன்றியது. பேரனுக்குப் பள்ளி விடுமுறை வருமே, அப்போது நீங்கள் மூவரும் வந்தால் என்ன? உன் அம்மாவின் காரியத்துக்கு வந்து போனாய், அப்புறம் வரவில்லை. இந்த முறை லாரி எதுவும் வராது. நான் வீட்டிலேயே இருப்பேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


அன்பு மகளுக்கு,

உன் போன் வந்தது. நீ சொன்னதைப் புரிந்துகொண்டேன். "ஆடு இருக்கற வீட்டுக்கு வந்துட்டுப் போனா மாசக்கணக்குல பண்ணைக்குள்ள விடமாட்டாங்கப்பா, வேலையே போயிடும்" என்றாய். வேலை போகும்படி யார் வரச் சொல்வார்கள்? நல்ல வேலை. விடாதே.

செக்போஸ்டில் கால்நடை டாக்டர் இருக்கிறார், சின்ன வயது, நல்ல பிள்ளை. வேறு வேலையாகப் போனபோது அவரிடமும் கேட்டு வைத்தேன். வெளிநாட்டுப் பண்ணைகளில் இப்படியெல்லாம் கட்டுப்பாடு உண்டா என்று. "கண்டிப்பா உண்டு பெரியவரே" என்றார். நோய் இருக்கும் ஊருக்குப் போய் வந்தால், ஆடு மாட்டைத் தொட்டிருந்தால், ஒரு வாரம் போலப் பண்ணைப் பக்கம் போகக்கூடாதாம். துணியைத் துவைத்து, செருப்பை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டுமாம். ஒரு வாரம்தானா என்று மறுபடி கேட்டேன். "பெரும்பாலும் அவ்வளவுதான்" என்றார். அவர் இந்த ஊர் டாக்டர், உங்கள் பண்ணைச் சட்டம் அவருக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னதுதான் சரியாக இருக்கும்.

ஆடுகளை ஒவ்வொன்றாகக் கழித்துவருகிறேன். உள்ளூர்க்காரர்கள்தான் வாங்குகிறார்கள். நேற்று ஒருவர் வந்தார், புது ஆள். ஒரு கடாவை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பல் சரியில்லை என்றார். பல்லில் ஒன்றும் இல்லை. வாங்க மனமில்லாதவன் மனமில்லை என்று சொல்லமாட்டான், பல்லைத்தான் சொல்வான். அதுவும் மரியாதைதான், முகத்தில் அடிக்காமல் நகர்ந்துகொள்கிறான். அப்படிப்பட்டவர்களிடம் நான் ஒருநாளும் வாதாடியதில்லை. பல்லைக் குறை சொன்னால் பல் நல்ல ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அதிலும் குறை சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பேன். இதை எதற்கு உன்னிடம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு செய்தி இல்லாததால் இருக்கும்.

நமக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. அதை நினைத்துப் பார்த்தேன். சண்டை என்றால் யாரையாவது நடுவில் வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம், எனக்கு அது கைவந்த கலை. ஒன்றுமே நடக்காததற்கு யாரை வைத்துப் பேசுவது?

மழைக்காலம் என்றாயே, கன்றுக் கொட்டகையில் ஈரத்தில் நிற்காதே.

அப்பா


அன்பு மகளுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். பட்டியோடு ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு ஆடு இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் வீட்டையும் பட்டியையும் சேர்த்து இன்னொரு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். உன் அம்மாவின் படமும் அவள் தைத்த தலையணை உறையும் மட்டும் கொண்டுவந்தேன். அவற்றையும் வெயிலில் காயவைத்து, டாக்டரிடம் கேட்டுத்தான் உள்ளே வைத்தேன். பழைய துணியை மீசைக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஓவர்கோட்டையும்தான், நீ சின்னப் பிள்ளையில் அதன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதேதான்.

இந்த நேரம் பார்த்து எல்லை திறந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை, காதில் எண் வில்லை, அது இது என்று ஆயிரம் நிபந்தனை, ஆனாலும் திறந்துவிட்டது. இத்தனை மாதம் ஆடு போகாததால் அந்தப் பக்கம் சொன்ன விலைக்கு வாங்குகிறார்களாம். மீசை நேரே இங்கே ஓடி வந்தான். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, படியேறாதே, எதிர்ப்பக்கமே நில் என்றேன். பட்டியிலிருந்து வருகிறான், காலெல்லாம் புழுக்கை. தெரு நடுவில் நின்றுகொண்டு கத்தினான்: "நான் என்ன முதலாளி கோமாரி புடிச்ச கடாவா? நாலு லாரி நிக்குது, ஊரே ஏத்துது, நீங்க மாடியில ஒக்காந்து காத்து வாங்கறீங்க!" தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மகள் வரப்போகிறாள், ஆட்டைத் தொடக்கூடாது என்றேன். "எப்ப வராங்க?" என்றான். அதற்குள் ஒரு வண்டி குறுக்கே வந்தது. அவன் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய்விட்டான்.

கைவிட்டுப் போன வியாபாரத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. லாரி நாளைக்கும் வரும்.

புது ஷூ வாங்கினேன், கடிக்கிறது. ஆட்டையே பார்க்காத ஷூ அது, ஆனாலும் டாக்டர் கொடுத்த மருந்தில் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கழுவி முடித்த பிறகுதான் எதற்குக் கழுவினேன் என்று தோன்றியது. கையை மட்டும் எத்தனை சோப்புப் போட்டும் திருப்தியாகவில்லை. கீழே போய்த் தையல்காரரிடம் நீட்டி, வாடை வருகிறதா பாருங்கள் என்றேன். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, மோந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் சார் வருது" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவருக்கு என்னிடம் வாங்கவோ விற்கவோ ஒன்றும் இல்லை.

அறை சிறியது, வெளிச்சம் உண்டு. மூன்று நாற்காலி வாங்கிவிட்டேன், எனக்குக் கட்டில் போதும். ஜன்னலோரம் பேரனுக்குச் சின்னக் கட்டில் போட்டிருக்கிறேன். போர்வை பஞ்சுப் போர்வை, கடையில் வாங்கியது, எந்த ஆட்டின் மேலும் இருந்ததில்லை. அவன் உயரம் தெரியாததால் கட்டிலைக் கொஞ்சம் நீளமாகவே செய்யச் சொன்னேன்.

ஆக, ஆடு இல்லை, பட்டி இல்லை, வாடை இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல சுத்தம் ஆஸ்பத்திரியிலதான் பெரியவரே" என்கிறார். இதற்கு மேலும் உங்கள் பண்ணையில் ஏதாவது கட்டுப்பாடு இருந்தால் எழுது. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டுப்பாடாக மட்டும் இருந்தால் போதுமம்மா, அதற்கு நான் வழி பார்த்துவிடுவேன்.

நீங்கள் மூவரும், உன் பொறுப்பில் இருக்கும் கன்றுகளும், ஒரு நோயும் அண்டாமல் இருங்கள்.

அப்பா