மோட்டார் ஓடும் நேரம்

உப்பளம், புதுச்சேரி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள சுமலதாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். போன வாரம் உன் அண்ணன் வெற்றிவேலை நேரு வீதியில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம், ஆனால் நீ போன் செய்தால் குறையவில்லை என்றுதான் சொல்வாராம். தங்கச்சி கவலைப்பட்டால்தான் கூப்பிடுகிறாள் என்றார். சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுத வேண்டியது வேறு. போனில் சொன்னால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எம்.எஸ்சி. படித்த காலத்திலிருந்து அதுதான் நடக்கிறது. அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

இருபத்திரண்டாம் தேதி பிரான்சில், லியோனில் உன் தொண்டு அமைப்பின் கூட்டத்தில் நீ காட்டப்போகும் வரைபடம் தவறு. கனகசெட்டிக்குளத்துக் கிணற்றின் உப்பு அளவு, மூன்று மாதத்துக் கோடு. அதை வரைந்து அனுப்பியது நான்.

கிணற்றுக்காரர் கலியமூர்த்தியை நீ பார்த்ததில்லை. கடலிலிருந்து அரை மைல் தள்ளி அரைக் காணி நிலம். தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை; காலையில் நிலத்தைப் பார்த்துவிட்டு மதியம் பஸ் ஏறுவார். மோட்டார் கொட்டகையில் நம் போர்டை வைக்கலாமா என்று கேட்டபோது மறுவார்த்தை சொல்லாமல் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து நமக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அந்தப் போர்டின் வேலை. அந்த வேலையைத்தான் அது செய்யவில்லை.

முதல் வாரம் நடந்ததை உன்னிடம் மறைத்தேன். உப்புக்காற்றில் போர்டு அரித்துவிடும் என்று பயந்து எவர்சில்வர் டப்பா ஒன்றில் வைத்து மூடினேன். வயர் போக ஓட்டையைக் கலியமூர்த்தி பட்டறையில் போட்டுக் கொடுத்தார். ஒரு அளவும் வரவில்லை. சுற்றிலும் உலோகம் இருந்தால் அலை வெளியே போகாது என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். கலியமூர்த்தியின் மனைவி குஞ்சம்மாள், "அந்த டப்பாவ எனக்கே குடுத்துடுங்கம்மா, முறுக்கு போட்டு வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்கு மாற்றினேன்.

அதன் பிறகு வரத் தொடங்கியது, விட்டு விட்டு. தொடர்பு அறுந்தால் போர்டு தானே மறுபடி இணையும்படி நிரலை மாற்றினேன். ஆன்டெனாவை வீட்டுப் பக்கம் திருப்பினேன். நூறு அளவில் எண்பத்தேழு வந்தது. வைஃபை என்றால் அப்படித்தான், தென்னை மட்டை ஆடினாலும் அறும் என்று விட்டுவிட்டேன். விட்டுப்போன இடங்களைச் சராசரியால் நிரப்பு, கிழிசல் கோட்டை இங்கே யாரும் நம்பமாட்டார்கள் என்று எழுதினாய். நீ சொன்னதற்காக மட்டும் செய்யவில்லை. நிரப்பியபின் கோடு பார்க்க நன்றாக இருந்தது. எதையும் லேசில் நம்பாதவள் என்று நீ கேலி செய்வாயே, என் கையால் வரைந்ததை நான் சந்தேகிக்கவில்லை.

பொங்கல் கழிந்து கலியமூர்த்தி கேட்டார், "இந்தத் தண்ணிக்கு மொளகா வைக்கலாமாம்மா?" என்று. உப்பு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குள்தான் இருக்கிறது, வைக்கலாம் என்றேன். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினால் தண்ணீர் கரிக்கிறது என்று குஞ்சம்மாள் குறுக்கே சொன்னாள். நாக்கைவிடக் கருவி நுட்பமானது என்று நான் பதில் சொன்னேன்.

போன ஞாயிறு விடியற்காலையில் கலியமூர்த்தி போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா" என்றார். போனேன். நட்டிருந்த மிளகாய் நாற்றுகளின் இலை ஓரம் தீயில் காட்டியது போலக் கருகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு செத்துவிட்டது. கொட்டகைக்குப் போனேன், போர்டு ஒழுங்காக அளவு அனுப்பிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்து இருபது. எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பாய்ச்சும் நேரமாயிற்று என்று குஞ்சம்மாள் வந்து மோட்டாரைப் போட்டாள். போர்டின் விளக்கு அணைந்தது.

எப்போதும் இப்படியா என்று கேட்டேன். "தெனமும் இப்படித்தான். மோட்டார் ஓடுற வரைக்கும் உங்க பொட்டி தூங்கும், நிறுத்துனா முழிச்சிக்கும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நான் சொன்னா நீங்க எழுதிக்குவீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் தைத்தது.

போர்டுக்கான மின்சாரத்தை மோட்டார் லைனிலிருந்தே எடுத்திருந்தேன். மோட்டார் கிளம்பினால் மின்னழுத்தம் இறங்குகிறது. வைஃபையைத் தேடி இணைய மின்சாரம் அதிகம் வேண்டும்; அப்படி முயலும் ஒவ்வொரு முறையும் போர்டு துவண்டு விழுகிறது. உப்பு அளக்கும் கைக்கருவியை மோட்டார் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். முதலில் ஆயிரம். ஒரு மணி நேரத்தில் மூவாயிரத்து நூறு. கிணறு சும்மா இருக்கும்போது மேலே நல்ல தண்ணீர் நிற்கிறது, இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்பு ஏறுகிறது. வீட்டுக்கு வந்து, விட்டுப்போன நேரங்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். அத்தனையும் காலை ஏழிலிருந்து பத்துவரை. தென்னை மட்டை இல்லை. செடி குடித்த தண்ணீரை ஒரு நாள்கூட நாம் அளக்கவே இல்லை. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சராசரியால் நிரப்பியிருக்கிறோம்.

இந்த வாரம் போர்டுக்குத் தனி பேட்டரி வைத்தேன். வைஃபை அறுந்தால் அளவைத் தனக்குள் நேரத்தோடு சேமித்து, கிடைத்ததும் அனுப்பும்படி மாற்றினேன். ஆறு நாளாக ஒன்றும் விடவில்லை. புதுக்கோடு இத்துடன் இருக்கிறது. தினமும் காலையில் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறுகிறது. கலியமூர்த்தி இப்போது அரை மணி இறைத்து, நிறுத்தி, மறுபடி இறைக்கிறார். பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறார். மிச்சச் செடி பிழைக்குமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. தெரியாது என்று நானே சொன்னேன்.

இனி உன் பாடு. அந்தப் பழைய கோட்டைப் பார்த்துத்தான் இதே கரையில் இன்னும் பன்னிரண்டு வீட்டுக்கு நாற்றுக் கொடுப்பதாக உன் அமைப்பு முடிவு செய்யப்போகிறது. மலிவான கருவி, நல்ல கிணறு என்பதுதான் உன் பேச்சு. உன் வேலை இன்னொரு வருடம் நீடிப்பதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும் என்று தெரியும். ஏழு வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் நீ தூங்காமல் இருப்பதும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். தப்பு என்னுடையது என்று பெயர் போட்டே சொல். கல்லூரியில் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். நேற்று கிளம்பும்போது கலியமூர்த்தி வண்டியருகே வந்து நின்று, "அங்க வெளிநாட்டுல காட்டுறாங்களே, அதுல எங்க கெணறு நல்ல கெணறுன்னுதான் இருக்குமாம்மா? பக்கத்துக் கொல்லைக்காரங்களும் அத நம்பி நட்டுடுவாங்களே" என்றார். இல்லை, என் சினேகிதி உள்ளதைத்தான் காட்டுவாள் என்று சொல்லிவிட்டேன். உன் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தேன். முப்பது வருடத்தில் ஒரு முறையும் உன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. இப்போது கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எந்த முடிவு எடுத்தாலும் உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும்,

துர்கா