கீழ்ப்பாக்கத்துக்குப் பதினைந்து நாள்

10-2-1960, புதன். நகரி

இன்றும் அதே பேச்சு. குழந்தை அம்சவேணியை மெட்ராஸுக்கு யார் கூட்டிப்போவது? சித்தூர் டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இளம்பிள்ளை வாதம் வந்த கால், முட்டி மடங்கியே இறுகிக்கொண்டு வருகிறதாம். ஏழு வயதுக்குள் நீட்டாவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆடி வந்தால் அவளுக்கு ஏழு.

வீட்டுக்காரருக்குத் தறியை விட்டு வர முடியாது. முதலாளி சேலைக்கு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். நான் போகிறேன் என்றேன். "நீயா? மெட்ராஸ்ல பஸ் ஏறத் தெரியுமா உனக்கு? தொலைஞ்சு பூடுவே" என்கிறார். மூர் மார்க்கெட்டில் அரை நாள் வழி தெரியாமல் சுற்றிவிட்டு அழாத குறையாக வந்தது யார்? நானா?

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். முடிவு.

14-2-60, ஞாயிறு. வண்ணாரப்பேட்டை

அரக்கோணத்தில் வண்டி மாறி வந்து சேர்ந்தோம். சென்ட்ரலில் கொழுந்தனார் கோவர்த்தனன் நின்றிருந்தான். பெரம்பூரில் மில் வேலை. அவன் பெண்சாதி பொன்னியம்மாள் நல்ல மாதிரி, வந்ததும் குழந்தைக்கு வெந்நீர் வைத்தாள். ஒரே அறை. மூலையில் எங்களுக்குப் பாய்.

15-2-60, திங்கள்

கோவர்த்தனன் கூட வந்தான். இங்கிருந்து சென்ட்ரலுக்கு ஒரு பஸ். அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு இன்னொன்று. முதல் பஸ் சுலபம், சென்ட்ரலில் எல்லோரும் இறங்குகிறார்கள். இரண்டாவதுதான் சங்கடம். கூட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, ஆட்களின் முதுகுதான் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் பேர் பதியும்போது குமாஸ்தா கேட்டார்: "நகரியா? அது இனிமே எந்தப் பக்கம்?" திருத்தணி மெட்ராஸோடு சேருது, நாங்க ஆந்திராவிலேயே இருக்கோம் என்றேன். "தமிழ் பேசுறீங்களே?" என்றார். பேசாமல் பின்னே என்ன?

நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஞாயிறு நீக்கிப் பதினைந்து நாள் விடாமல் வரவேண்டும், ஒத்தடம் கொடுத்து முட்டியை நீட்டுவார்கள். மார்ச் இரண்டாம் தேதி இரும்புக் கம்பி வைத்த பூட்ஸுக்கு அளவு எடுக்கிறவர் வருவார். காலை ஒன்பதுக்குள் சீட்டு வாங்க வேண்டும். நாள் தவறினால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். வாசலில் எத்தனை குழந்தைகள்!

திரும்பும்போது ஒரு யோசனை தோன்றியது. தறிக்குப் பாவு ஓட்டும்போது இழைக் கணக்கு எப்போதும் என்னுடையதுதான். சண்டை போட்டுக்கொண்டே எண்ணினாலும் ஓர் இழை தப்பாது. பஸ் நிற்பதை எண்ணினால் என்ன?

16-2-60

சென்ட்ரலிலிருந்து பதினோரு இடத்தில் நிற்கிறது. பதினோராவது கீழ்ப்பாக்கம். ஒரு நூலில் பதினோரு முடிச்சு போட்டு வைத்துக்கொண்டேன். கோவர்த்தனனிடம் சொல்லவில்லை.

17-2-60, புதன்

தனியாகப் போய் வந்தேன்! குழந்தை மடியில், நூல் கையில். பஸ் நிற்க நிற்க ஒவ்வொரு முடிச்சாக விரலில் தள்ளினேன். பதினொன்றில் இறங்கினால் எதிரே ஆஸ்பத்திரி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பட்டிக்காட்டுக்காரி என்று தெரிந்துவிடுமே. வீட்டுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். "தொலையவில்லை" என்று ஒரே வரி.

18-2-60, வியாழன்

ஐயோ, என்ன சொல்ல.

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பதினொன்று எண்ணி இறங்கினேன். ஆஸ்பத்திரியைக் காணோம். ஏதோ கடைத்தெரு. தயிர்க்காரி ஒருத்தியைக் கேட்டால், "இது அயனாவரம்மா, கீழ்ப்பாக்கம் எப்பவோ பூடுச்சே" என்கிறாள். எப்பவோ பூடுச்சா? நான் எண்ணிக்கினுதானே வந்தேன்?

அப்புறம்தான் புரிந்தது. ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை என்றால் இங்கே பஸ் நிற்காமல் போய்விடுமாம். வண்டி நிரம்பிவிட்டாலும் நிற்காதாம். நம் ஊர் பஸ் புளியமரத்துக்கெல்லாம் நிற்கும், கை காட்டினால் வயலுக்கும் நிற்கும். எனக்கு எப்படித் தெரியும்? என் கணக்கு தப்பவில்லை. பஸ்தான் தப்பியது.

இன்னொரு பஸ்ஸை நம்ப மனசில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன், ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. ஜன்னல் மூடியாகிவிட்டது. கெஞ்சக்கூடாது என்று நினைத்தேன். கெஞ்சினேன். நர்ஸம்மா என் புடவையைப் பார்த்தாள், வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. "இந்த ஒரு தடவைதான். இன்னொரு நாள் லேட்டானா என்னைக் கேக்காதீங்க" என்று உள்ளே விட்டாள்.

கண்டக்டரை ஒரு வாய் கேட்டிருந்தால் போதும். என் வீம்புக்குக் குழந்தையின் காலையா பந்தயம் வைப்பது? இன்று என்மேல் எனக்கே ஆத்திரம்.

19-2-60

கோவர்த்தனன் அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தான். "இனிமே நானே இட்டுக்கினு போறேன், அண்ணி." அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான். இரண்டு வாரம் லீவு போட்டால் மில்லில் வைத்துக்கொள்வார்களா?

21-2-60, ஞாயிறு

அம்சவேணியைப் பொன்னியம்மாளிடம் விட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றினேன். வேறு வேலையே இல்லை. பஸ் ஏறுவது, இறங்குவது, திரும்ப ஏறுவது!

ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தேன். எண்ணவில்லை. பார்த்தேன். சைக்கிள் கடை, மரவாடி, சிவப்புக் கட்டடம், வளைவில் பெரிய அரசமரம். அரசமரம் தெரிந்தால் எழுந்துவிட வேண்டும். முன்வாசலுக்கு வந்து சேரவும் பஸ் நிற்கவும் சரியாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் கண்டக்டரைக் கேட்டேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மெட்ராஸ்காரர்களே கேட்கிறார்கள்!

மூன்றாம் தடவை சென்ட்ரலில் இறங்கியபோது, எதிரே பார்க் ஸ்டேஷனுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடினேன். எலக்ட்ரிக் ரயில். எழும்பூர், அடுத்தது சேத்துப்பட்டு. இறங்கி வழி கேட்டு நடந்தால் ஆஸ்பத்திரி! வெறுங்கையாக இருபது நிமிஷம், குழந்தையோடு என்றால் அரை மணி வைத்துக்கொள்ளலாம். ரயில் நல்ல ஒழுக்கமான வண்டி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கோவர்த்தனனிடம் சொல்லிவிட்டேன். நாளை முதல் நானே போகிறேன்.

22-2-60

அரசமரம். எட்டே முக்காலுக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது.

25-2-60, வியாழன்

வெங்கடம்மா என்று ஒருத்தி, நாயுடுபேட்டை. அவள் மகளுக்கும் இதே வியாதி, இடது கால். சென்ட்ரல் பக்கம் சத்திரத்தில் தங்கியிருக்கிறாள். தமிழ் சுத்தமாக வராது. ரிக்‌ஷாக்காரன் ஒருவன் அவளை ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுவந்து விடுகிறானாம், தினமும்! "நாத்தோ ரா, நேனு சூபிஸ்தா" என்று தெலுங்கிலேயே சொன்னேன், என் கூட வா, வழி நான் காட்டுகிறேன் என்று. இனிமேல் சென்ட்ரலில் சேர்ந்து ஏறுகிறோம். வழியெல்லாம் அரசமரத்தை மூன்று தரம் காட்டிக்கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே.

29-2-60, திங்கள்

முட்டி நீளுகிறது. நர்ஸம்மா அளந்து காட்டினாள். அம்சவேணி வலியில் கத்துகிறாள், அப்புறம் பிஸ்கட் துன்னுக்கினே காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கத்தும்போது நான் வெளியே போய்விடுகிறேன். அந்த அளவுக்குத் தைரியம் எனக்கு இல்லை.

2-3-60, புதன்

பதினைந்தாவது நாள். தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

சென்ட்ரலில் இறங்கினால் ரோடு முழுக்க ஜனம். ஏதோ ஊர்வலமாம். பஸ்ஸெல்லாம் வரிசையாக நிற்கிறது, ஒன்றும் நகரவில்லை. மணி எட்டு. வெங்கடம்மா பிளாட்பாரத்தில் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். "அயிபோயிந்தி அக்கா" - எல்லாம் போச்சாம். ஒன்றும் போகவில்லை, எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

ஜனத்துக்குள் புகுந்து பார்க் ஸ்டேஷன். டிக்கெட் நானே வாங்கினேன், இரண்டு சேத்துப்பட்டு. ரயிலில் இடம் இல்லை, நின்றோம். சேத்துப்பட்டில் இறங்கி நடை. அவள் மகள் கனமான குழந்தை, பாதியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகளை மாற்றிக்கொண்டோம். அம்சவேணி பஞ்சு மாதிரிதான் இருப்பாள், கனமானது என் இடுப்புக்கு வந்தது. நெசவுக்காரி இடுப்பு, தாங்கும்.

ஒன்பதுக்கு ஏழு நிமிஷம் இருக்க ஜன்னலில் நின்றோம். இன்று வரவேண்டிய முப்பது குழந்தைகளில் நேரத்துக்கு வந்தது பதினொன்றுதான். அளவு எடுக்கிறவர் நிதானமாக எடுத்தார். நர்ஸம்மா கேட்டாள்: "பஸ்ஸே இல்லையே, நீங்க எப்படி வந்தீங்க? மெட்ராஸ்காரங்களே வரலை."

"எலக்ட்ரிக் ரயில்ல" என்றேன். சும்மா, தினமும் போகிறவள் மாதிரி.

வெளியே வந்ததும் அழுதேன். வெங்கடம்மா பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு.

14-3-60

பூட்ஸ் போட்டாயிற்று. சுவரைப் பிடித்து நாலு அடி. விட்டுவிட்டு ஒரு அடி. விழுந்தாள். எழுந்தாள்.

1-4-60, வெள்ளி. நகரி

வீட்டுக்கு வந்து பத்து நாள். இன்று முதல் திருத்தணி மெட்ராஸ் ராஜ்ஜியம். அம்மா வீடு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "போறதுக்கு வழி தெரியுமா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். எனக்கா?

10-4-60, ஞாயிறு

திருப்பதிக்கு முடி கொடுக்கப் போனோம். பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் இடம் கிடைத்தது. அம்சவேணி மடிக்கு வரமாட்டேன் என்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூட்ஸ் கம்பி பளபளவென்று தெரிந்தது.

கண்டக்டர் வந்தார். "பாப்பாக்கு ஆஃப் டிக்கெட்டு" என்றார். வீட்டுக்காரர் உடனே சண்டைக்கு நின்றார். "இடுப்புக் குழந்தைக்கு இன்னா டிக்கெட்டு? இத்தினி வருஷமா எவனும் கேட்டதில்லே!" கண்டக்டர் விடவில்லை. "இடுப்புலயா இருக்குது? நில்சுனி உந்தி கதய்யா!" நின்றுகொண்டிருக்கிறதே என்கிறார்.

"குடுய்யா டிக்கெட்டுக்கு" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பத்துப் பேர் நடுவில் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. அவர் வாயைத் திறந்தார். பிறகு அவளைப் பார்த்தார், அவள் கால்களைப் பார்த்தார். பையில் கையை விட்டார்.

டிக்கெட்டை அவளிடமே கொடுக்கச் சொன்னேன். புத்தூர் தாண்டும் வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவள் திருப்பதி வரை உட்காரவே இல்லை.