வானொலியில் பாடிய அந்தப் பெண்

டொலிடோ, ஒஹாயோ
மார்ச் 1941

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் லுட்மிலா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் சுகம்.

"சனிக்கிழமை அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டிவெச்சு ரேடியோ கேட்டோம். உன் பேரையே சொல்லலியேடி! லில்லி டேன்னு எவளோ பாடினா. நல்லாத்தான் பாடினா. உனக்கு எப்போ வாய்ப்புத் தருவாங்க?" என்று கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்.

அம்மா, அந்த லில்லி டேன் நான்தான்.

நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் எங்கள் இசைக்குழுத் தலைவர் ஹார்லன் கூப்பிட்டார். "லுட்மிலா ஹ்ருஷ்காவா? இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடும்மா! வேற பேர்ல பாடு, இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறு" என்றார். டிரம்பெட்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். லில்லி நல்ல பெயர்தானே? அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

குழுவின் பஸ்ஸில் நான் ஒருத்திதான் பெண். அவர்கள் சீட்டாடும்போது ஜன்னலோரம் தூங்குவதுபோல் இருப்பேன். லில்லி என்று யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பல சமயம் திரும்புவதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கசகசா ரொட்டியும் கொஞ்சம், வழியில் உடைந்தாலும் பரவாயில்லை.

பஸ் ஹாரன் அடிக்கிறது. பார்சலில் என் பெயரை எழுதாதீர்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று விடுதிக்காரர் திருப்பிவிடுவார். வெளியே லில்லி டேன் என்று எழுதி, உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் மட்டும் என்னை லுட்மிலா என்று கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்