வயரைச் சாய்த்துப் பிடித்தால்

1997 ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பனச்சமூடு முழுக்கச் சேறு. கல்லூரிக்கு லீவு.

11.20க்கு லாப்டாப் பொசுக்கென்று அணைந்தது. 5-ம் அத்தியாயம், இரண்டு மணிநேரம் அடித்தது, சேவ் பண்ணவில்லை. என்னை எதால் அடிப்பது? மறுபடி போட்டால் வருகிறது. மூன்று நிமிடம். போகிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தீசிஸ் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து, இனி நீட்டிக்க முடியாது என்று கைடு கைவிரித்துவிட்டார். காயல் நண்டுகளோடு எட்டு வருடம். லாப்டாப்போ தம்பி பிஜுவுடையது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கொண்டு வந்தான், சனிக்கிழமை அதோடு திரும்பிப் போகிறான்.

வீட்டுக்காரர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். பார்த்தார். "போனா போட்டு, விடு" என்றார். மிஷினையா தீசிஸையா என்று கேட்கவில்லை, கேட்டால் சண்டை. மீன் குழம்பில் புளி கூடிப்போயிற்று. அதையும் வழித்துச் சாப்பிட்டார், அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 11, புதன்

மழை விட்டது. தூக்கமில்லை. சந்தேகங்கள்:
பேட்டரி – வந்த அன்றே செத்தது. வயரில்தான் ஓட்டம்.
வயர் – எலி கடிக்கவில்லை.
கறண்டு – ?

கறண்டேதான் என்றான் பிஜு. அவன் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு; எங்கள் வீடு இந்தப் பக்கம், கேரளா. "கேரளா கறண்டுக்கு வோல்ட்டேஜ் இல்லக்கா, இங்க கொண்டா." இடுப்பில் பிள்ளையைப் போல் மிஷினை வைத்துக்கொண்டு ரோடு கடந்தேன். மாநிலம் மாற்றிச் சொருகினோம். நாற்பது நிமிடம் அணையாமல் ஓடியது. மின்சார வாரியமே தன்னுடையது போல அவனுக்கு ஒரு பெருமை. பிறகு அங்கேயும் போயிற்று. வீட்டுக்குள் போய்விட்டான்.

மத்தியானம் பூத்திலிருந்து மெட்ராஸ் சர்வீஸ்காரருக்கு எஸ்.டி.டி. மிஷின் நனைந்ததா என்று கேட்டார். இல்லை, மேசையில் வெள்ளம் இருந்தது, மிஷினில் படவில்லை என்றேன். ஆள் பதறிப்போனார். வீட்டுக்குள்ளேயா, மெயினை ஆஃப் பண்ணுங்கள், மாடி இருக்கிறதா, வடிந்த பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார். ஒரு தம்ளர் வெள்ளம், ஐயா. நம் பக்கம் குடிக்கிறதும் வெள்ளம், அவர் ஊரில் ஆளை அடித்துக்கொண்டு போகிறதுதான் வெள்ளம். பூத்தை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. பிஜு ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

ஜூன் 12, வியாழன்

விடிந்ததும் காஞ்சிரங்குளம், இரண்டு பஸ் மாறி. படகு எஞ்சின் மெக்கானிக் ஸ்டீபன், எனக்கு நண்டு பிடித்துத் தந்தவர். வேறு யாரைத் தெரியும் எனக்கு. வயர் சொருகும் துளைக்குள் டார்ச் அடித்தார். உள்ளே பச்சைப் பச்சையாக.

"டீச்சரே, உப்பு கேறினதாக்கும். கடப்புறத்துல கொண்டு வச்சா கேறாதா?"

வைத்தேனே, போன வாரம் முழுக்க, கடற்கரைக் கொட்டகையில் வயர் சொருகி, நண்டுக் கணக்கெடுக்க. ஊசியால் சுரண்டிப் பார்த்தார். பாதி அரித்துவிட்டது. மாற்ற வேண்டும், சாமான் திருவனந்தபுரத்தில் கிடைக்கவே ஒரு வாரம். அதுவரை வயரைச் சாய்த்துப் பிடித்தால் ஓடும், விட்டால் போகும்.

2.30, வீடு. ஒரு கையில் வயர், ஒரு கையில் டைப். நடக்கிற காரியமா. பிஜு டிக்கெட் விஷயமாகப் போய்விட்டான். சாப்பிட வந்த அவர் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, வயரை வாங்கிப் பிடித்தார். கடை என்னாகும் என்றேன். பூட்டியாயிற்றாம்.

மூன்று மணிநேரம். அசையவில்லை மனிதர். மூக்கில் ஈ உட்கார்ந்தபோது ஊதினார், அவ்வளவுதான். 5-ம் அத். முடிந்தது. முடிந்தேவிட்டது.

ஃப்ளாப்பியில் போடும் முன் முதல் பக்கங்களை ஒருமுறை ஓட்டினேன். நன்றிப் பக்கம். கைடு, நூலகர், பிஜு, ஸ்டீபன், ஸ்டீபனுடைய அண்ணன் கூட உண்டு. பக்கத்தில் அவர் வாசிப்பது தெரிந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை வாசிக்கிறார், அதுவும் இந்தப் பக்கத்தை. வயர் ஆடவில்லை. அவர் பெயர் அதில் இல்லை. அவரை அனுப்பிவிட்டுச் சேர்க்கலாமென்றால், அவர் எழுந்தால் மிஷின் போகும்.

அவர் பார்க்கப் பார்க்கவே கடைசியில் அவர் பெயரை அடித்தேன், இங்கிலீஷில், விரல் தடுக்கத் தடுக்க.

வயரை விடாமல் திரைப் பக்கம் குனிந்தார். பிறகு, மெதுவாக:

"சசிதரன்ல ஒரு எச் உண்டு. விட்டுப்போச்சு."