வேன் சாயாமல் திரும்பிய திங்கட்கிழமை

இன்று காலை தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் பக்கமாக நடந்து வந்தேன். வழியில் ஒரு உதிரிபாகக் கடைக்காரர் புது ரப்பர் சாமான்களை வாசலில் பரப்பி வைத்திருந்தார். வெயில் பட்டு அந்த வாடை எழுந்ததும் என் கால் நின்றுவிட்டது. பை விரல்களை அறுத்தது. என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். நீங்கள் என்னை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

நம் வேன்தான் நினைவுக்கு வந்தது. ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்குகளில் பிள்ளைகளை ஏற்றி, மாதா கோயில் பாலர் பள்ளியில் இறக்குவோம். பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளக் காலையில் நானும் வருவேன். மத்தியானம் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது கழுத்தும் தோளும் என்னுடையதாக இருக்காது.

அந்தப் பழைய வேன் வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாக அப்படியே சரியும். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், வாந்தி எடுப்பார்கள். நீங்கள் ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்த்தீர்கள், சரியாகவில்லை. ஒருநாள் லதா என்ற குட்டிப்பெண் முன் சீட்டில் மோதி உதடு கிழிந்தது. புளோக்கின் கீழே காத்திருந்த அவள் அம்மா ரத்தத்தைத் துடைத்துவிட்டு உங்களைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க மேல கோவமில்ல. ஆனா வண்டி கப்பல் மாதிரி ஆடுது. சீனப் பெருநாள் லீவு முடிஞ்சும் இப்படியே இருந்தா நாங்க நாலு வீடும் வேற வேன் பாத்துக்கறோம்லா."

அன்றே ஜாலான் புசார் சந்தில் இருந்த சீன மெக்கானிக்கிடம் போனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: ஸ்வே பார் ரப்பர் எல்லாம் போய்விட்டது. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வளைந்த கம்பி அது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இழுத்து நிறுத்துவது அதன் வேலை. ரப்பர் தேய்ந்ததால் கம்பி எதையும் பிடிக்காமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. புது ரப்பரும், ஓரத்து இணைப்புக் கம்பிகளும் கொடுத்தார். ஆனால் மறுநாளே சீனப் புத்தாண்டுக்காகக் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போகிறார். எல்லாப் பட்டறையும் மூடல். நீங்களே மாற்றிவிடலாம் என்று நினைத்தீர்கள். அதற்குள் மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்ட கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது, ஸ்பேனரைத் திருக முடியவில்லை.

"வேனை வித்துடலாம்ங்க. எனக்கு முடியல," என்றேன்.

"வித்துட்டு?"

நீங்கள் கையைத் தடவிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தீர்கள். கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. லீவு முடிந்து மறுநாள் பள்ளி.

"சரி, நான் மாத்தறேன். எப்படின்னு சொல்லுங்க," என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அலுப்பில் வந்த வார்த்தை.

உங்கள் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினேன். தாழ்வாரத்தில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துருப்பிடித்த நட்டு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, உடம்பின் பாரத்தையே ஸ்பேனரில் போட்டேன். நட்டு இளகியபோது விரல்முட்டித் தோலும் சேர்ந்து போனது.

"அப்படி இல்ல ஸ்டெல்லா, இந்தப் பக்கம்," என்று வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அங்க நின்னு பேசறது சுலபம்," என்று எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தரையில் படுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து சேர்ந்தீர்கள். கட்டுப் போட்ட கை நெஞ்சின் மேல் கிடந்தது. இடது கையால் டார்ச்சைப் பிடித்தீர்கள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் பகலில் நாம் அப்படிப் பக்கத்தில் படுத்திருந்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பழைய ரப்பரின் துளை நீள்வட்டமாகப் போயிருந்தது, என் விரல் தாராளமாக நுழைந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றினேன். "இப்பவே இறுக்கிடாத. வண்டிய கீழ இறக்கி, பாரம் சக்கரத்துல உக்காந்ததும் இறுக்கு," என்றீர்கள். அப்படியே செய்தேன். எல்லாம் முடிந்து நீங்கள் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது, "ம், பரவால்ல." வேறு ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன். நீங்கள் ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மேலே போய்க் குளித்து உலை வைத்தேன்.

திங்கட்கிழமை முதல் வளைவில் நான் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். வேன் கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பிவிட்டது. பிள்ளைகள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. லதா ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வார முடிவில் அவள் அம்மா, "இப்ப ஓகேலா அண்ணே," என்றாள். ஒரு பிள்ளையும் வேனை விட்டு நிற்கவில்லை. அந்த வேன் இன்னும் சில வருடம் நமக்குச் சோறு போட்டது. பிறகு உங்கள் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, எல்லாம் சீக்கிரத்தில் நடந்து முடிந்தது.

அடக்கத்தன்று அந்த மெக்கானிக் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தணிந்த குரலில் மலாயில் கேட்டார்.

"அன்னிக்கு வேனுக்கு அடியில படுத்து ரப்பர் மாத்தினது நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்வார். 'என் பொஞ்சாதி வேலை இந்த மெக்கானிக் வேலையை விட சுத்தம்'னு என் முன்னாலயே சொல்வார்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பெட்டிக்குள் கிடந்த உங்களிடம் சண்டை போட வேண்டும் போலிருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

வேனைக் கொடுத்துவிட்டேன். ஃபேக்டரிக்கு இன்னும் போகிறேன், இப்போது என் வரிசையில் இருக்கும் பெண்களின் வேலையைப் பார்த்துக்கொள்வது நான்தான். முழங்கால் வலிக்கிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறேன். ஆனால் ஒருத்தி நன்றாகச் செய்தால் அவள் பக்கத்தில் போய் நின்று, அவளிடமே சொல்லிவிடுகிறேன். நேற்றும் ஒரு புதுப் பெண்ணிடம், "நல்லா செஞ்சிருக்கம்மா," என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நிஜமாவா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.