பதினாலு விநாடியில் எழும் உன் கம்ப்யூட்டர்

என் கோமு,

உன் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதைப் பற்றியும் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நீ போய் ஏழு மாசம். மடவார் வளாகத்தில் கோயிலை ஒட்டிய நம் கடையை இப்போது சாந்தியக்காதான் திறக்கிறார். நீங்கள் இரண்டு பேருமாகச் செய்துவந்த கல்யாணப் பத்திரிகை வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறார். மூணு வாரத்துக்கு முன்னால் ஒரு போன்.

"தம்பி, மிஷின் சில நேரம் எந்திரிக்கவே மாட்டேங்கு, எந்திரிச்சாலும் பாதியில நின்னுருது. டொக்கு டொக்குன்னு சத்தம் வேற. வத்திராயிருப்புக்காரவிய வந்து உக்காந்திருக்காவ. மூத்தவளுக்கு கோமதி அடிச்ச பத்திரிகை மாதிரியே சின்னவளுக்கும் வேணுமாம்."

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க், சாகப்போகும்போது போடுகிற சத்தம். அதற்குப் பதிலாக இப்போது மாட்டுகிற எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது, வேகம் மட்டும்தான். ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டருக்கும் நான்தான் அதை மாட்டினேன். உனக்கென்று வாங்கியதைக்கூட, ஆபீஸ் மிஷின் படுத்துவிட்டது என்று அங்கே மாட்டிவிட்டு, "அடுத்த வாரம் உனக்கு" என்றேன். "சரி" என்றாய். அந்தச் சரியில் கோபம் இருந்ததா?

புதிதாக ஒன்று வாங்கினேன். மூணு வாரம் பைக் பெட்டியிலேயே கிடந்தது. இன்னும் வரவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன். மாற்றாமல் விட்டால் பழையது எப்படியும் சாகும். மாற்றுவதற்காக நகல் எடுத்தால், அந்தச் சிரமத்தில் பாதியிலேயே சாகலாம். உன் வேலை முழுக்க அதில்தான். வேறு நகல் கிடையாது. ஊருக்கெல்லாம் எடுக்கச் சொல்கிறவன் நம் கடைக்கு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் ஆபரேஷனுக்கான தாளில் கையெழுத்துப் போடும்முன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் இல்லையா, அதே மாதிரி நின்றேன்.

நேற்றுதான் போனேன். அக்கா ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்கக்கா கிளம்பிட்டிய?"

"கோயிலுக்குத்தான். ஸ்விட்சப் போட்டுட்டு வைத்தியநாதர ஒரு சுத்து சுத்திட்டு வந்தா, இது எந்திரிச்சிருக்கும். நானும் அவளும் தெனமும் அப்படித்தான."

எனக்கு இது தெரியாது கோமு. ஏன் சொல்லவில்லை?

"நான் மாத்திக் குடுக்கலன்னு கோவப்பட்டாளாக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். "கோவமா! கடைக்கு வாரவியகிட்டல்லாம், 'எங்க வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் வேகத்தக் குடுத்தாரு, எனக்கு மட்டும் சாமி கும்பிட நேரம் குடுத்திருக்காரு'ம்பா. நாந்தான், 'ஏட்டி, அந்த மனுசன நாலு கேள்வி கேளுட்டி'ம்பேன்."

"அப்ப இத மாத்தவா, வேணாமாக்கா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வத்திராயிருப்புக்காரவிய மூணு தடவ வந்துட்டுப் போயிட்டாவ. அவ வேலய நம்பித்தான வாராவ. எடுத்துக் குடுங்க தம்பி."

நகல் எடுத்தேன். காலையில் ஆரம்பித்தது, எண்பத்தாறு சதவீதத்தில் அப்படியே நின்றது. டொக்கு. டொக்கு. அக்கா பெட்டியின் மேல், காய்ச்சல் பார்க்கிற மாதிரி கையை வைத்திருந்தார். நான் மவுஸைத் தொடவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு எண்பத்தேழு.

எல்லாம் வரவில்லை. நாலைந்து ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று காட்டியது. எவை என்று பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை. ஆனால் வத்திராயிருப்புப் பத்திரிகை வந்துவிட்டது. அந்த ஃபைலுக்கு நீ வைத்திருந்த பெயர்: "சித்தப்பா பேர் விட்டுப்போய் சண்டை, இதுதான் சரியானது". ஏழு மாசத்தில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அக்கா பயந்துபோய்ப் பார்த்தார்.

புது டிஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். பழக்க தோஷத்தில் அக்கா எழுந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தார். அதற்குள் திரை வந்துவிட்டது. பதினாலு விநாடி. ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

"ஏய்யா, இனிமே எப்பய்யா சாமி கும்பிடுதது?"

"இது காத்துக் கிடக்கட்டும்க்கா. வாங்க, போயிட்டு வருவோம்."

நீ போய் வருஷம் திரும்பாமல் நான் கோயிலுக்குள் போகக்கூடாதே. அக்கா உள்ளே சுற்றினார். நான் வெளியே மதிலை ஒட்டி நடந்தேன். உள்ளே போகும்முன், வாசலில் எந்த இடத்தில் நீ நிற்பாய், எந்த இடத்தில் செருப்பை விடுவாய் என்று மட்டும் அக்கா காட்டித் தந்தார்.

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வந்து, உன் வேலையை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைப்பேன். அதற்கு முன்னால், ஸ்விட்சைப் போட்டுவிட்டு மதிலைச் சுற்றி வருவேன். வருஷம் திரும்பியதும் நீ விட்ட இடத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவேன். இத்தனை நாள் இந்தக் கம்ப்யூட்டருக்காக நீ காத்திருந்தாய். இனி நாம் வரும்வரை அது காத்திருக்கும்.

ஊருக்கெல்லாம் வேகத்தைக் கொடுத்துவிட்டு, உனக்குக் கொடுக்கப் பிந்திப்போன
உன் வீட்டுக்காரன்,
முத்துராஜ்